ஒன்றே ஒன்று காட்டினால் போதும்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்குப் பெயர் பாம்பக்கா. வைத்தவர்கள் கிண்டலுக்குத்தான் வைத்தார்கள். கிண்டல் போகப் போகத் தேய்ந்து, பெயர் மட்டும் நின்றுவிட்டது. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள்கூட முகத்தில் சிரிப்பில்லாமல், ‘பாம்பக்கா, உருளை மறுபடியும் நின்னுபோச்சு’ என்று வந்து நிற்பார்கள். அவளும் என்ன ஏது என்று கேட்டுக்கொண்டு போவாள். சம்பந்தி வீட்டுக்கு மட்டும் இந்தப் பெயர் போய்ச் சேர்ந்துவிடக் கூடாது என்று மகள் போனில் சத்தியம் வாங்கியிருந்தாள்.

வார்டுகளிலிருந்து வண்டி வண்டியாக அழுக்குத் துணி வரும். துவைத்து, பிழிந்து, சூடான உருளைக்குள் விட்டால் மறுபக்கம் தகடு போல விறைப்பாக வெளியே வரும். அந்த மறுபக்கத்தில் நிற்பதுதான் பாம்பக்காவின் வேலை. வரும் விரிப்பைப் பிடிக்க வேண்டும், கறையோ கிழிசலோ இருக்கிறதா என்று ஒரே பார்வையில் பார்க்க வேண்டும், எதிரில் நிற்பவளோடு சேர்ந்து மடிக்க வேண்டும். நாள் முழுக்க ஆவி. வெளியில் பனி கொட்டினாலும் உள்ளே வேர்த்து ஊற்றும். அதனால் சாப்பாட்டு நேரம் வந்ததும் எல்லாரும் உணவறைக்கு ஓடினால், இவள் மட்டும் பின்கதவைத் திறந்துகொண்டு காற்று வாங்கப் போவாள்.

பின்னால் ஒரு தரிசு. ஒருகாலத்தில் அங்கே கொதிகலன் அறை இருந்ததாம். அதை இடித்தவர்கள் செங்கல்லையும் காரையையும் ஓரமாகக் குவித்துவிட்டு, அள்ளுவதற்கு வருகிறோம் என்று போனவர்கள் போனவர்கள்தான். குவியல் மேல் மண் படிந்து, புல் முளைத்து, முள்செடி ஏறி, அது ஒரு மேடாகவே ஆகிவிட்டது. பாம்பக்கா அந்த மேட்டின் மேல் உட்கார்ந்து டப்பாவைத் திறப்பாள். பல வருஷங்களுக்கு முன்னால் ஓர் இலையுதிர் கால மத்தியானம், அவள் செருப்புக்குப் பக்கத்தில் பளபளவென்று ஓர் அரணை வந்து வெயில் காய்ந்தது. அவள் போட்ட கூச்சலில் டப்பா ஒரு பக்கம், மூடி ஒரு பக்கம். அரணைதான் பாவம், பயந்து செங்கல் இடுக்கில் நுழைந்துகொண்டது. மறுநாள் அது இருக்கிறதா என்று பார்க்கப் போனாள். அவ்வளவுதான், அன்றைக்குப் பிடித்தது பைத்தியம்.

சிலருக்குச் சீட்டாட்டம், சிலருக்கு ஊர்வம்பு. இவளுக்குத் தேரை, அரணை, பென்சில் தடிமனில் ஒரு சாதுவான பழுப்புப் பாம்பு. யார் சொத்தையும் கெடுக்காத பைத்தியம் என்பதால் வீட்டுக்காரரும் விட்டுவிட்டார். அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். ‘நான் காலையில ஏத்தி சாயங்காலம் இறக்குற உருப்படிகளுக்கு உன் பாம்பே மேல்’ என்பார்.

இந்தத் தேடலுக்கென்று சில முறைகள் உண்டு. பழைய தகரத் துண்டுகளை வெயில் படுகிற புல்லில் போட்டு வைக்க வேண்டும். போட்டுவிட்டு மறந்துவிட வேண்டும். கோடையில் தகரம் கொதிக்கும், அடியில் எதுவும் தங்காது. கடுங்குளிரில் எல்லாம் மண்ணுக்குள் போய்விடும். நடுவில் இலை உதிர்கிற அந்தக் கொஞ்ச நாட்கள்தான் இந்தப் பித்துப் பிடித்தவர்களுக்கு அறுவடை. விடியும்போது சில்லென்று இருக்கும், பத்து மணிக்குத் தகரம் இளஞ்சூடாகும், அந்தச் சூட்டுக்கு எல்லாம் வந்து கூடும். அந்த வருஷம் பிறந்த குட்டிகளும் வரும். தகரத்தின் எதிர் ஓரத்தைப் பிடித்துத் தன் பக்கமாகத் தூக்க வேண்டும், அப்போதுதான் பாம்புக்கும் காலுக்கும் நடுவில் தகரம் இருக்கும். பார்த்து முடித்ததும் அப்படியே கீழே போட்டு நசுக்கிவிடக் கூடாது. உள்ளே இருப்பதை ஓரமாக நகர்த்தி, தகரத்தை வைத்து, அதுவாக ஊர்ந்து உள்ளே போக விட வேண்டும்.

இதற்கெல்லாம் மேலே இன்னொரு விதி இருக்கிறது. இடத்தை யாரிடமும் சொல்லக் கூடாது. இதில் ரொம்பக் கறாரானவர் ஆஸ்பத்திரி வாசலில் மருந்துக்கடை வைத்திருந்தவர். அவருக்கும் இதே பித்து. அவர் ஒருமுறை ஆற்றோரத்தில் ஒரு பாம்பைப் படமெடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பியிருக்கிறார். படத்தின் மூலையில் பாலம் தெரிந்தது. அடுத்த வாரம் விற்பதற்குப் பிடிக்கிற ஆட்கள் சாக்கோடு வந்து, ஒரு கல்லைக்கூட விடாமல் புரட்டிப்போட்டுவிட்டுப் போனார்கள். அதனால் பாம்பக்கா படமெடுத்தால் உள்ளங்கையில் வைத்து எடுப்பாள், அல்லது கழித்துப்போட்ட வெள்ளை விரிப்புத் துண்டின் மேல் விட்டு எடுப்பாள். பின்னால் ஒரு புல் தெரியக் கூடாது. இடத்தைக் குறித்துக்கொள்கிற வசதியைப் போனில் அணைத்தே வைத்திருந்தாள். எந்த அலுவலகத்துக்கும் ஒரு வரி எழுதிப் போட்டதில்லை. எல்லாம் காதும் காதும் வைத்த மாதிரி.

அந்த வருஷம் கோடை முடிகிற சமயத்தில் மகளுக்குப் பிரசவம். பாம்பக்கா லீவு போட்டுவிட்டு மகள் வீட்டுக்குப் போனாள். பேத்தி பிறந்தாள். குளிப்பாட்டுவதும் தூங்கவைப்பதுமாக நாட்கள் போனதே தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே நல்ல வெயில் அடிக்கும்போதெல்லாம், ‘இப்ப தகரத்துக்கு அடியில எல்லாம் வந்திருக்கும்’ என்று குழந்தையின் காதில் சொல்லுவாள். மகள் முறைப்பாள்.

திரும்பி வந்து வேலைக்குப் போன அன்றைக்கே பின்கதவைத் திறந்தாள். தரிசைச் சுற்றிக் கம்பி வேலி. வேலியில் ஓர் அறிவிப்பு. அங்கே வண்டி நிறுத்துமிடம் கட்டப் போகிறார்கள். ஆட்சேபம் இருந்தால் சொல்லச் சொல்லிக் கொடுத்திருந்த கெடுவில் முக்கால்வாசி போயிருந்தது.

அவள் அறிவிப்பை இரண்டு தடவை படித்தாள். உள்ளே வந்து சொன்னால் ஒருத்தருக்கும் துக்கமில்லை. துக்கம் எப்படி இருக்கும்? சலவைக்கூட மேற்பார்வையாளர் அம்மாளுக்கு முழங்கால் தேய்ந்துபோய், தெருக்கோடியில் வண்டியை விட்டுவிட்டு நொண்டிக்கொண்டே வருகிறாள். நோயாளிகளைத் தோளில் தாங்கிக்கொண்டு அத்தனை தூரம் நடக்கிறவர்களைத் தினமும் எல்லாரும் பார்க்கிறார்கள். கட்டப்போவது சாராயக்கடை இல்லையே, வாய்க்கு வந்தபடி திட்டுவதற்கு. பாம்பக்காவுக்கே அது நியாயமாகத்தான் பட்டது. அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

வனவிலங்கு அலுவலகத்துக்குப் போனாள். மகள் வயதில் ஒரு பெண் அலுவலர், பொறுமையாகக் கேட்டாள். அந்தப் பாம்பு பாதுகாக்கப்பட்ட இனம்தான் என்றாள். ‘அந்த இடத்தைப் பத்தி எங்ககிட்ட ஒரு தகவலும் இல்லையே’ என்றாள். பாம்பக்கா போனை எடுத்து நீட்டினாள். உள்ளங்கையில் தேரை, வெள்ளைத் துணியில் அரணை, உள்ளங்கையில் பாம்பு. தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. அலுவலருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டாள்.

“ரொம்ப நல்லா இருக்குக்கா. ஆனா இது எங்க எடுத்ததுன்னு எதை வச்சுச் சொல்றது? எந்த ஊர்லயும் எடுத்திருக்கலாமே?”

பாம்பக்கா போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். இத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வைத்தது இதற்குத்தானா என்று இருந்தது. திருடனுக்குத் தெரியக் கூடாது என்று மறைத்ததில் காப்பாற்றுகிறவர்களுக்கும் தெரியாமல் போய்விட்டது. மருந்துக்கடைக்காரரைச் சாட்சிக்குக் கூப்பிடலாமென்றால், அவர் கடையை மூடிக்கொண்டு மகனோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். போனில் பிடித்துக் கேட்டபோது அவரும் இடம் தெரியாத படங்களாகவே ஒரு கத்தை அனுப்பினார்.

அலுவலர் கெட்டவள் இல்லை. இருப்பதில் ஒரு வழியைச் சொன்னாள். வேலை தொடங்குவதற்குள் அந்த நிலத்தில் உயிரோடு ஒன்றே ஒன்றைக் காட்டினால் போதும், வசந்தம் வரை கை வைக்க விட மாட்டாள். வசந்தத்தில் முறையாகத் தேடிப் பார்த்து, இருப்பது உறுதியானால் நிலத்தை அப்படியே விட்டுவிட்டு, வண்டி நிறுத்துமிடத்தை முன்பக்கத்துக்கு மாற்றச் சொல்லி எழுதுவாள். கேட்கும்போது போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. ஒன்று என்ன, ஒன்பது காட்டலாமே என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அந்த வருஷம் குளிர் முந்திக்கொண்டது. வழக்கமாக இன்னும் ஒரு மாதம் சூடாக இருக்க வேண்டிய வெயில் வரவே இல்லை. முதல்முறை அலுவலர் வந்த அன்று சாரல் மழை. பாம்பக்கா ஒவ்வொரு தகரமாகத் தூக்கினாள். எறும்பு, நத்தை, ஒரு மரவட்டை. ‘பரவாயில்லக்கா, மழை’ என்றாள் அலுவலர். இரண்டாம் முறை மழை இல்லை, ஆனால் வாடைக்காற்று. தகரத்துக்கு அடியில் புல் வெளுத்துக் கிடந்தது, ஈ காக்கை இல்லை. பாம்பக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். போன வருஷம் இங்கே பாருங்கள், இந்த மூலையில் மூன்று குட்டி, இதோ இந்த இடத்தில் கொழுத்த தேரை என்று காட்டிக்கொண்டே போனாள். அலுவலர் தலையாட்டிக்கொண்டே வந்தாள். பெரியவர்கள் கதை விடும்போது மரியாதைக்குக் கேட்கிற தலையாட்டல் அது. பாம்பக்காவுக்கு அது புரிந்துவிட்டது, முகம் சுருங்கிப்போனது.

எல்லாம் எங்கே போயிருக்கும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. குளிர் தட்டியதுமே மேட்டுக்குள் இறங்கியிருக்கும். பழைய செங்கல்லுக்கும் காரைக்கும் நடுவில் வருஷக்கணக்காக ஏற்பட்ட சந்துகள், பனி எட்டாத ஆழத்தில். தேரையும் அரணையும் பாம்பும் ஒன்றோடொன்று சண்டையில்லாமல் ஒட்டிக்கொண்டு தூங்கும். அவள் நின்றுகொண்டிருந்த இடத்துக்கு நேர் கீழே. அதைத் தோண்டிக் காட்டக் கூடாது, இந்தக் குளிரில் சந்து கலைந்தால் அதுங்க விறைத்துச் செத்துப்போகும் என்று இந்தப் பித்துப் பிடித்த எவரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள்.

வெள்ளிக்கிழமை கடைசியாக வருகிறேன், திங்கட்கிழமை மண்வெட்டும் எந்திரம் வந்துவிடும் என்று அலுவலர் சொல்லியிருந்தாள். வியாழக்கிழமை முழுக்கப் பாம்பக்கா விரிப்பு மடித்ததில் ஓரம் ஓரத்தோடு சேரவில்லை. எதிரில் நின்றவள் இரண்டு தடவை பிரித்து மடித்தாள். வானொலியில் குளிர் இன்னும் கூடும் என்றார்கள். மேட்டைத் தோண்டலாமா என்று வீட்டில் கணவரிடம் கேட்டாள். அவருக்கு என்ன தெரியும், பாவம். ‘எந்திரம் வந்தா எப்படியும் எல்லாத்தையும் அள்ளிடும். நீ எடுத்தா ஒண்ணோட போகும்’ என்றார். கணக்கு சரியாகத்தான் இருந்தது. அவள் மனசுதான் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை கடப்பாரையை அவரே வேனில் எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தார்.

ஒரு கல்லை மட்டும் எடுக்கலாம் என்று ஆரம்பித்தாள். புல்லை ஒதுக்கி, ஓரத்திலிருந்த செங்கல்லைக் கையாலேயே உருவினாள். உள்ளே வெறும் மண். இன்னும் ஒன்று. அதுவும் மண். அலுவலர் வேலிக்கு அந்தப் பக்கம் கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டுக்கொண்டு நின்றாள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பாம்பக்கா தோள் வரைக்கும் கையை விட்டுத் துழாவினாள். பெரிய காரைத் துண்டு ஒன்று குறுக்கே கிடந்தது. கணவர் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார். அது அசைந்தது, அசைந்த வேகத்தில் அதன் மேலிருந்த அத்தனையும் பொலபொலவென்று சரிந்து, மேட்டின் ஒரு பக்கமே வாயைப் பிளந்துகொண்டது.

அங்கே எல்லாரும் இருந்தார்கள். கொழுத்த தேரைகள் கண்ணை மூடிக்கொண்டு, ஒன்றின் முதுகில் ஒன்று. அரணைகள். பழுப்புப் பாம்புகள் நூல்கண்டு சிக்கிக்கொண்ட மாதிரி பின்னிக் கிடந்தன, குட்டிகளும் நடுவில். வெளிச்சம் பட்டும் எதுவும் ஓடவில்லை. ஒரு தேரை மட்டும் பின்காலை நீட்டி, மடக்கத் தெம்பில்லாமல் அப்படியே வைத்துக்கொண்டது.

அலுவலர் வேலியைத் தாண்டி ஓடி வந்தாள். அவள் குரலில் அழுகை மாதிரி ஒரு சந்தோஷம். “அக்கா, நீங்க சொன்னது அத்தனையும் உண்மைக்கா.” மளமளவென்று படமெடுத்தாள், வேலியும் ஆஸ்பத்திரிப் புகைபோக்கியும் தெரிகிற மாதிரி. அங்கேயே நின்று போன் போட்டு வேலையை நிறுத்தச் சொன்னாள். பாம்பக்கா ஜெயித்துவிட்டாள். ஜெயித்தவள் மண்டிபோட்டு உட்கார்ந்து, சரிந்த மண்ணுக்குள்ளிருந்து ஒரு குட்டியை விரலால் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தாள்.

பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய், குளிர்பெட்டியின் காய்கறித் தட்டில் வசந்தம் வரை தூங்க வைக்கலாம் என்று மருந்துக்கடைக்காரர் போனில் சொன்னார். அலுவலர் சங்கடத்தோடு மறுத்தாள். பாதுகாக்கப்பட்ட உயிரை இருக்கிற இடத்திலிருந்து எடுத்துப் போகக் கூடாது, அதுதான் சட்டம், இப்போது அது இங்கே இருப்பது பதிவாகிவிட்டது. இருந்த இடத்திலேயே திரும்ப வைத்து மூடுங்கள் என்றாள். வைக்கத்தான் பார்த்தார்கள். புருஷனும் பெண்டாட்டியும் செங்கல்லைச் செங்கல்லாக அடுக்கினார்கள். அடுக்கினால் சுவர் வந்தது, சந்து வரவில்லை. சந்து விட்டு வைத்தால் மண் இறங்கி அடைத்துக்கொண்டது. யாரும் கட்டாமல் தானாக ஆன ஒன்றை யாரால் கட்ட முடியும்? கைவிரல் விறைத்துப்போய், எது கல் எது தேரை என்று தொட்டால் தெரியாத அளவுக்கு ஆகும்வரை செய்தார்கள்.

இருட்டுகிற நேரத்துக்குக் கணவர் எங்கோ போய்விட்டு வந்தார். வீட்டில் அவர்கள் போர்த்திக்கொள்கிற கனத்த ரஜாய், மகள் கல்யாணத்துக்கு வாங்கிய கம்பளி, வேன் இருக்கை மெத்தை இரண்டு. எல்லாவற்றையும் மேட்டின் மேல் விரித்தார், ஓரத்தை உள்ளே செருகினார், பிள்ளைக்குப் போர்த்துகிற மாதிரி. பாம்பக்கா சலவைக்கூடத்திலிருந்து கழித்துப்போட்ட விரிப்புகளை வாரிக்கொண்டு வந்தாள். மேற்பார்வையாளர் அம்மாள் பார்த்துக்கொண்டுதான் நின்றாள், தடுக்கவில்லை. அன்றைக்கு ராத்திரி விழுந்த பனியில் அவர்கள் வீட்டு வாசல் குழாய் உறைந்து வெடித்தது.

குளிர்காலம் முழுக்க அவள் அந்தப் பக்கம் போனாள், வந்தாள். பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. நனைந்து மட்கிய ரஜாயின் மேல் பனி, வேலியில் அலுவலகத்தின் புது அறிவிப்பு, அதில் பாம்பின் அழகான படம். இந்த இடத்தில் அரிய உயிரினங்கள் வாழ்கின்றன, தொந்தரவு செய்யக் கூடாது என்று போட்டிருந்தது. அதைப் படிக்கும்போதெல்லாம் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

வசந்தம் வந்தது, நல்ல வெயிலோடு வந்தது. தகரம் இளஞ்சூடானது. அவள் தூக்கினாள், எறும்பு. மறுநாள் தூக்கினாள், எறும்பு. அலுவலர் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு நாலைந்து முறை வந்து, முறைப்படி நிலம் முழுக்கத் தேடினாள். ஓர் அரணையின் வால்கூடத் தட்டுப்படவில்லை. கடைசி நாள் மற்ற இருவரும் வண்டிக்குப் போன பிறகு, அலுவலர் பாம்பக்காவின் பக்கத்தில் வந்து நின்றாள். இனி வண்டி நிறுத்துமிடத்துக்கு அனுமதி கொடுக்காமல் இருக்க அவளிடம் காரணம் இல்லை. அது இருவருக்கும் தெரிந்திருந்தது.

“வேற எங்கயாவது போயிருக்கும்க்கா. சில சமயம் இடம் மாறும்னு சொல்றாங்க.”

ஆமாம் என்று சொல்லியிருந்தால் போதும். இருவரும் கொஞ்சம் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருக்கலாம். பாம்பக்காவால் முடியவில்லை.

“இல்ல மேடம், எங்கயும் போகல. எப்பவும் போற இடத்துக்குத்தான் போச்சுங்க. உங்களுக்குக் காட்டணும்னு நான்தான் வெளிய எடுத்தேன்.”

“காட்டச் சொன்னது நாங்கதானேக்கா” என்றாள் அந்தப் பெண்.

அதுவும் உண்மைதான். அந்த உண்மையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல், இரண்டு பேரும் வெயிலில் நின்றார்கள்.